யாரு துடைப்பா?

எங்கள் கடைக்குக் கத்தி வாங்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். படியேறும்போது எல்லாரும் நல்ல மனிதர்களாகத்தான் ஏறுகிறார்கள். இறங்கும்போது பாதிப் பேர் முகம் சுண்டிப்போய் இறங்குகிறார்கள். மீதிப் பேர் கத்தியோடு இறங்குகிறார்கள். அதுவும் அவர்கள் கேட்ட கத்தி இல்லை, என் மனைவி கொடுத்த கத்தி.

கடை அவளுடையது. அவளுடைய அப்பா வைத்துவிட்டுப் போனது. அதை நான் மறந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ரொம்ப அக்கறை. ஒரு ஆள் குறுக்கே படுத்தால் அடைபட்டுவிடும் அகலத்தில் ஒரு அறை, ஒரு கண்ணாடி மேசை, அதன் பின்னால் மர இழுப்பறைகள், தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்த தீட்டுக்கல், சட்டையில் ஏறினால் இறங்காத எண்ணெய் வாடை. மடக்குக் கத்தி தவிர வேறெதுவும் விற்பதில்லை. இந்த சாம்ராஜ்யத்தில் எனக்கு உத்தியோகம் பில் போடுவது, டீ வாங்கி வருவது, அவள் கடித்துத் துப்பியவர்களின் பின்னாலேயே வாசல்வரை ஓடி, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், அவ சுபாவமே அப்படி" என்று சொல்வது. மூன்றாவது வேலைதான் அதிகம்.

தெருவில் அவளுக்கு 'மூணு கேள்வி' என்று பெயர். அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்று நினைக்கிறேன். யார் வந்து எந்தக் கத்தியைக் கேட்டாலும் கையை இழுப்பறைப் பக்கம் கொண்டுபோக மாட்டாள். முதலில் கேள்வி.

ஒருநாள் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. எங்கேயோ போனில் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

"பவுடர் ஸ்டீல்ல மடக்குக் கத்தி இருக்கா மேடம்?"

"என்ன வெட்டுவீங்க?"

"என்ன வேணா வெட்டுவேன்."

"என்ன வேணான்னா? மரமா, மாமனாரா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "பார்சல் பிரிப்பேன், ஆப்பிள் நறுக்குவேன்" என்றார்.

"எங்க வெச்சிருப்பீங்க?"

"பையிலதான்."

"யாரு துடைப்பா?"

"கத்தியை யாராவது துடைப்பாங்களா?"

அவ்வளவுதான், அவர் கதை முடிந்தது. "பவுடர் ஸ்டீல் கிடையாது" என்றாள்.

"அதோ, அந்த டிராயர்ல இருக்கே!"

"இருக்கு. உங்களுக்குக் கிடையாது. ஆப்பிள் நறுக்கறதுக்கு அது எதுக்கு? ஒருநாள் டப்பா மூடியை அதால நெம்புவீங்க, நுனி பொட்டுனு போகும். அப்புறம் வந்து என் கழுத்தைப் பிடிப்பீங்க. இந்தாங்க, எவர்சில்வர். இதான் உங்களுக்கு."

"நீங்க கடைக்காரரா, போலீஸா?" என்று கேட்டுவிட்டு அவர் நேரே எதிர்க்கடைக்குப் போனார். எதிர்க்கடைக்காரர் பிளாஸ்டிக் வாளியிலிருந்து பல்பு வரை எல்லாம் விற்பவர். கத்தியும் வைத்திருக்கிறார். என்ன இரும்பு என்று கேட்டால் "நல்ல இரும்பு" என்பார். அவர் கடை நடப்பதே என் மனைவியின் வாயால்தான். வருகிற சீதேவியைக் காலால் உதைப்பது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் கடையில் அதை நீங்கள் தினமும் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் அவள் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் என் கடுப்பு. வாய் கெட்டவள் முட்டாளாகவும் இருந்துவிட்டால் வெறுத்துவிட்டுப் போவது சுலபம்.

இழுப்பறைகளுக்கு அவள் பெயர் வைத்திருக்கிறாள். முதலாவது ரோஷக்காரி. கார்பன் ஸ்டீல். கல்லைக் காட்டினாலே கூர் ஏறும், முடியைக்கூட வழிக்கும். ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் சாயங்காலமே முகம் கறுத்துவிடும், ஈரத்தில் போட்டால் சிவந்துவிடும். தினமும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தாங்கு தாங்கென்று தாங்க வேண்டும். இரண்டாவது கல்நெஞ்சன். அதுதான் பவுடர் ஸ்டீல். அட்டைப் பெட்டியும் கயிறும் மாதக்கணக்கில் வெட்டினாலும் மழுங்காது. மழுங்கிவிட்டால் சாதாரணக் கல்லுக்கு மசியாது, வைரத்தூள் பூசின தகடு வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் உடையும், வளையாது. மூன்றாவது சோம்பேறி. எவர்சில்வர். நனைந்தால் நனைந்தபடி கிடக்கும், ஒரு குறையும் சொல்லாது. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டிவிடலாம். அந்த இழுப்பறையின் அடியில் மஞ்சள் பிடி போட்ட கொஞ்சம் கத்திகள் உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாலும் துருப்பிடிக்காத ஜாதி. கூர் மட்டும் நிற்கவே நிற்காது. அவற்றை அவள் கையில் எடுப்பதே விரல் நுனியால்தான்.

அவளுக்கு ரோஷக்காரிதான் உசிர். ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இனம் இனத்தோடு சேரும்.

இத்தனை கேள்வி கேட்கிறவள் ஒரே ஒருவனிடம் மட்டும் கேட்கவில்லை. அவன் என் மைத்துனன், அவளுடைய தம்பி. இழுவைப் படகில் கயிறு பிடிக்கிற வேலை. பெரிய கப்பல்களையும் மிதவைகளையும் கட்டி இழுத்துப் போகிற படகு. கல்யாணமான புதிதில், அந்த வேலை கிடைத்த அன்று கடைக்கு வந்தான். என் மனைவி ரோஷக்காரி இழுப்பறையைத் திறந்து, இருந்ததிலேயே அழகான கத்தியை எடுத்து, தானே தீட்டி, தானே எண்ணெய் போட்டு அவன் சட்டைப் பையில் வைத்தாள். மூன்று கேள்வியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"உப்புக் காத்தாச்சே, துரு ஏறாதா?" என்று நான்தான் கேட்டேன். எனக்கெதற்கு வம்பு என்று இருந்திருக்கலாம்.

"எங்க வீட்டுப் பிள்ளை துடைக்காம வெப்பானா?" என்றாள். எங்க வீட்டு என்பதில் ஒரு அழுத்தம். நான் எந்த வீடு என்பதும் அதிலேயே இருந்தது.

எங்க வீட்டுப் பிள்ளையின் லட்சணம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவன் எங்களோடுதான் இருந்தான். குளித்த துண்டைப் படுக்கையில் போடுவான். பற்பசையை மூட மாட்டான். சாப்பிட்ட தட்டு காய்ந்து, அதில் எறும்பு வந்து, அந்த எறும்பும் போன பிறகுகூட தட்டு அங்கேயே இருக்கும். நல்ல பையன், தங்கமான மனசு. ஆனால் தங்கத்தையும் யாராவது துடைத்து வைத்தால்தான் உண்டு.

ஆச்சரியம் என்னவென்றால் கத்தி பளபளவென்று இருந்தது. வாரக் கடைசியில் படகு கரைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வந்து அக்காவுக்கு முகம் காட்டுவான். அவள் முதலில் கையை நீட்டுவாள். அவன் கத்தியைக் கொடுப்பான். திறந்து பார்ப்பாள். துளி துரு இருக்காது. மூட்டில் எண்ணெய். வெட்டும் வாயில் கூர். கடையில் யார் இருந்தாலும் அவர்கள் மூக்கு முன்னால் நீட்டி, "பாருங்க, கடல்லயே கிடக்கிற கத்தி. எப்படி வெச்சிருக்கான் பாருங்க. துடைக்கத் தெரிஞ்சவன் கையில கார்பன் ஸ்டீல் இப்படித்தான் இருக்கும்" என்பாள். மைத்துனன் தரையைப் பார்ப்பான். அடக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

இன்னொரு பெருமையும் இருந்தது. கத்தியைக் கல்லில் தீட்டினால் அலகில் மெல்லிய கோடுகள் விழும். வலது கைக்காரர் தீட்டினால் ஒரு பக்கம் சாயும், இடது கைக்காரர் தீட்டினால் மறுபக்கம். என் மாமனாருக்கு இடது கை. தம்பியின் கத்தியில் கோடுகள் இடது கைச் சாய்வில் இருந்தன. அவனோ வலது கைக்காரன், சோறு தின்பதும் வலது கை, கையெழுத்துப் போடுவதும் வலது கை.

"தீட்ட உக்காந்தா மட்டும் இடது கை வந்துடுது பாருங்க. யாரு சொல்லிக் குடுத்தா? ரத்தம்!" என்று அவள் கண் கலங்குவாள். என் மனைவி கண் கலங்கி நான் பார்த்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான். எங்கள் கல்யாணத்தில்கூட அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

இனி அந்த இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைத்துனனின் மனைவி. தையல் பட்டறையில் துணி வெட்டுகிற வேலை. என் மனைவி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'கத்தரிக்கோல்' என்பாள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் அவள் கடைக்கு வந்து, நூல் வெட்ட ஒரு எவர்சில்வர் கத்தி கேட்டாள்.

"சோம்பேறிக்குச் சோம்பேறிதான் பிடிக்கும்" என்றாள் என் மனைவி.

"கத்தி எனக்கு வேலை செய்யணும் அண்ணி. கத்திக்கு நான் வேலை செய்யக் கூடாது" என்றாள் அவள்.

பாம்பும் கீரியுமாக இருப்பது அன்றைக்கு ஆரம்பித்தது. அவர்கள் வீடு பால் காய்ச்சியபோது என் மனைவி வாசலில் நின்று பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. கத்தரிக்கோலும் லேசுப்பட்டவள் இல்லை. கடை வழியாகப் போகும்போது எதிர்க்கடைக்காரரிடம் மட்டும் நலம் விசாரித்துவிட்டுப் போவாள். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போன பருவத்தில், கப்பல்கள் நெருக்கியடித்து வருகிற காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வரவில்லை. படகில் இயந்திரக் கோளாறு, கரைக்கு வரப் பல நாள் ஆகும் என்று தகவல் வந்தது. பிறகு வந்தபோது நொண்டிக்கொண்டு வந்தான். கணுக்காலில் கட்டு. "படியில சறுக்கிட்டேன்க்கா" என்றான். கத்தி எங்கே என்றதற்கு வீட்டில் இருக்கிறது என்றான். அவள் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் கத்தியைப் பற்றி நாலு வார்த்தையும் கேட்டாள்.

அடுத்த வாரம் வேலை நாளில், ஒரு தோட்டக்காரர் செடி வெட்டக் கத்தி கேட்டு இரண்டு கேள்வி தாண்டி நின்றுகொண்டிருந்தபோது, கத்தரிக்கோல் படியேறி வந்தாள். கடைக்குள் அவள் காலை வைத்ததும் நான் பில் புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

"அண்ணி, ஒரு கத்தி வேணும். அந்த மஞ்சள் பிடி போட்டது."

"எதிர்க்கடையில கேளு. உனக்கு அங்கதான் உறவு."

"எதிர்க்கடைக் கத்தின்னா அவரு தொட மாட்டாரு. நானே வாங்கிட்டுப் போனாலும் தொட மாட்டாரு. நீங்க உங்க கையால குடுத்தாத்தான் பையில வெப்பாரு."

"என் தம்பிக்கா? அவன்கிட்டதான் கத்தி இருக்கே."

"இருக்கு. திறக்க மாட்டேங்குது."

கைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். நான் எழுந்துவிட்டேன். பிடியின் இடுக்கெல்லாம் செங்கல் பொடி மாதிரித் துரு. என் மனைவி நகத்தைக் கொடுத்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். நகம் உடைந்தது.

"என்னடி பண்ணின என் கத்தியை?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. அதான் விஷயமே. இந்தத் தடவை மட்டும் நான் ஒண்ணும் பண்ணல."

தோட்டக்காரர் மெதுவாக, "அம்மா, நான் அப்புறமா வரட்டுமா?" என்றார்.

"நில்லுங்க. உங்களுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி" என்றாள் என் மனைவி, அவரைப் பார்க்காமலே.

கத்தரிக்கோல் சொல்ல ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். வாரக் கடைசியில் அவன் வந்து ஈரச் சட்டையை மூலையில் போடுவானாம். பையில் கத்தி, உப்பு அப்பிக் கிடக்கும். அவள்தான் எடுத்து, கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பட்டறையில் கத்தரிக்கோல் தீட்டுகிற கல்லில் தீட்டி ஞாயிறு காலையில் அவன் கையில் கொடுப்பாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் நடக்கிறது. இந்தத் தடவை படகு வரத் தாமதமானதில் துடைக்க ஆள் இல்லை. ஒருநாள் கயிற்றின் வளையம் அவன் காலில் விழுந்து இறுகியிருக்கிறது. மறுமுனையைக் கப்பல் இழுக்கிறது. பையிலிருந்து கத்தியை எடுத்தவன் திறக்கப் பார்த்திருக்கிறான், பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். சுவரில் மாட்டியிருந்த கோடாலியை ஒரு கூட்டாளி எடுத்து வந்து கயிற்றை வெட்டியதால் கால் மிச்சம்.

"பொய்" என்றாள் என் மனைவி.

"நாளைக்கு மறுநாள் பெரிய படகுல போறாரு. பருவம் முடியற வரைக்கும் கரை கிடையாது. இதையேதான் எண்ணெய் போட்டுக் குடுன்னு என்கிட்ட கேக்கறாரு. அக்கா குடுத்தது, மாத்தினா மனசு நோகும்ங்கறாரு. உங்க மனசு நோகக் கூடாதுன்னு அவரு கால் போகணுமா அண்ணி?"

"பொய்டி. என் தம்பி துடைப்பான். தீட்டுவான். எங்க அப்பா கைவாகு அது. எனக்குத் தெரியாதா?"

"சரி, கல்லைக் குடுங்க."

என் மனைவி தண்ணீர்த் தட்டோடு கல்லைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் தண்ணீர் என் பில் புத்தகத்தின் மேல் தெறித்தது. மூட்டில் எண்ணெய் விட்டு, குறடால் பிடித்து இழுத்து, கிரீச்சென்று கத்தியைத் திறந்தாள். அலகில் பாதி சிவப்பு. மிச்சப் பாதியில் பழைய கோடுகள் இன்னும் இருந்தன.

கத்தரிக்கோல் கையை நீட்டினாள். இடது கையை.

நான் அவளை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். எந்தக் கை என்று ஒருநாளும் கவனித்ததில்லை. பிடிக்காதவர்களை நாம் அவ்வளவுதான் பார்க்கிறோம். அவள் கல்லில் அலகை வைத்து இழுத்தாள், சீரான சத்தம், அவசரமே இல்லை. நாலைந்து இழுப்புக்குப் பிறகு துடைத்து என் மனைவி பக்கம் திருப்பிக் காட்டினாள். புதுக் கோடுகள் பழைய கோடுகள்மேல் அப்படியே போய் உட்கார்ந்திருந்தன.

தோட்டக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

என் மனைவி, "எங்க அப்பா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. முகம் வெளிறிப்போனது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான் எனக்கு. இவள் வாய் அடைபடுவதை ஒருநாளாவது பார்க்க வேண்டும் என்று நான் எத்தனை வருஷமாக ஏங்கியிருக்கிறேன்! பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. அவளுக்குத் தம்பியைப் பறிகொடுத்த மாதிரியும் இருந்தது, அப்பாவை இன்னொரு தடவை பறிகொடுத்த மாதிரியும் இருந்தது.

அதற்காக அடங்கிவிடுகிற ஜாதியா அவள்?

"இத்தனை வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. நாலு பேர் முன்னாடி நான் பேசப் பேச நீ வீட்டுல உக்காந்து சிரிச்சிருப்ப."

"சிரிக்கல அண்ணி. துடைச்சிட்டிருந்தேன்."

"வெளிய போடி."

"கத்தி?"

"வெளிய போன்னேன்ல!"

கத்தரிக்கோல் போய்விட்டாள். தோட்டக்காரரும் மூன்றாவது கேள்விக்குக் காத்திராமல் போய்விட்டார். அவர் பின்னால் ஓடிப்போய்த் "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி அன்று முழுக்க அந்தத் துருப்பிடித்த கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் வந்த இரண்டு பேருக்குக் கேள்வி கேட்காமல் அவர்கள் கேட்டதைக் கொடுத்தாள். அவர்கள் கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் போனார்கள்.

அவன் புறப்படுகிற அன்று காலையில், "கடையைத் திறக்க வேண்டாம், வாங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. பேருந்தில் கைப்பையை மடியிலேயே பிடித்து வைத்திருந்தாள். பால் காய்ச்சிய அன்றோடு நிறுத்திய படியை அன்று மிதித்தாள். கதவைத் திறந்த கத்தரிக்கோல் ஒதுங்கி நின்றாள், வாங்க என்று சொல்லவில்லை. வாங்க என்று சொல்லியிருந்தால் இவள் திரும்பியிருப்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மைத்துனன் பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் திருடன் மாதிரி நிமிர்ந்தான்.

"வாக்கா. வாங்க மாமா. உக்காரு—"

"என்ன வெட்டுவீங்க?" என்றாள் என் மனைவி.

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். பிறந்ததிலிருந்து அவனை அவள் 'டா' தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"என்னக்கா இது..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. என்ன வெட்டுவீங்க?"

"கயிறு."

"எங்க வெச்சிருப்பீங்க?"

"சட்டைப் பையில. அக்கா, ஏன்க்கா இப்படிப் பேசற? திட்டணும்னா திட்டு. அடிக்கக்கூடச் செய்."

"ஈரத்துலயா, காய்ஞ்சா?"

"ஈரத்துலதான்."

"யாரு துடைப்பா?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

"அவங்களைப் பாக்காதீங்க. அவங்க படகுல வர மாட்டாங்க. யாரு துடைப்பா?"

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முரட்டு ஆள், கயிறு பிடித்துக் கையெல்லாம் காய்ப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றான்.

"யாரும் துடைக்க மாட்டாங்கக்கா. நான் துடைக்க மாட்டேன்."

அவள் கைப்பையைத் திறந்து மஞ்சள் பிடிக் கத்தியை எடுத்தாள். விரல் நுனியால் இல்லை, முழுக் கையால் எடுத்தாள். திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"இது மட்டக் கத்தி. பேருக்குத்தான் கூரு. ரெண்டு கயிறு வெட்டினா மழுங்கும், அதுக்கு நாலு இழுப்பு கல்லுல இழுத்தாப் போதும். அதுகூட இழுக்காம விட்டாலும் அறுத்தாவது வெட்டிடும். உப்புலயே போட்டு வைங்க, துடைக்காதீங்க, சீண்டாதீங்க. ஆனா கூப்பிட்டா திறக்கும்." அவன் கையை இழுத்து அதில் வைத்தாள். "பையில வெய்டா, நாயே."

அவன் வைத்துக்கொண்டான்.

நாங்கள் கிளம்பினபோது கத்தரிக்கோல் வாசல்வரை வந்தாள். "தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க அண்ணி" என்றாள்.

"உன் வீட்டுத் தண்ணி எனக்கு இறங்காது."

"தெரியும். கேக்கணுமேன்னு கேட்டேன்."

இந்த இரண்டு பேரும் ஒருநாளும் சேர மாட்டார்கள் என்று எனக்கு அந்த இடத்தில் உறுதியாகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

பருவம் முடிந்து மைத்துனன் வந்தான். இரண்டு காலிலும் நேராக நடந்து படியேறினான். அக்கா வழக்கம்போல் கையை நீட்டினாள். மஞ்சள் பிடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கட்டை விரலால் தள்ளினாள். டக்கென்று திறந்தது. வாயைத் தடவிப் பார்த்தாள், வெண்ணெய்கூட வெட்டாது. எத்தனை தடவை தேவைப்பட்டது என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிடியில் ஒரு இடத்தில் கயிறு உரசிய தடம் ஆழமாக இருந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கல் பக்கத்திலேயே இருந்தது. தீட்டாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"உன் வீட்டுக்காரிகிட்ட குடு. தீட்டித் தருவா. இந்தக் கடையில இடது கை யாருக்கும் இல்ல."

இப்போதும் அவள் மாறவில்லை. அதே மூன்று கேள்வி, அதே வாய். எதிர்க்கடைக்காரர் மாடி கட்டுகிறார். ஆனால் அந்தப் பழைய ரோஷக்காரியைத் துரு எடுத்து, எண்ணெய் போட்டுக் கண்ணாடி மேசைக்குள் தனியாக வைத்திருக்கிறாள். அலகில் துரு தின்ற புள்ளிகள் போகவில்லை. வாயை மட்டும் அவள் தொடவே இல்லை, கத்தரிக்கோல் அன்று தீட்டிய கோடுகள் அப்படியே இருக்கின்றன.

போன வாரம் ஒரு பெரியவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விஷயம் தெரிந்தவர் போல. "அருமையான கூரும்மா. எவ்வளவு சீராப் போயிருக்கு கோடு! இடது கை. உங்க அப்பா தீட்டினதா?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"இல்லீங்க" என்றாள். "எனக்கு ஆகாதவ ஒருத்தி தீட்டினது. விக்கறதுக்கு இல்ல. உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்க, என்ன வெட்டுவீங்க?"